உப்பில்லாத திங்கட்கிழமைகள்

எனக்கு முப்பது வயது நடந்துகொண்டிருந்த அந்த வருஷத்தில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னைவிடப் பக்தியான பெண் கிடையாது என்று எங்கள் தெரு முழுக்க நம்பியது. ஞாயிறு தவறாமல் சிதம்பரம் போய்விட்டு வருகிறாள், அதுவும் புருஷனோடு, கை நிறைய விபூதியோடு. உண்மையில் நான் அந்தக் கோயில் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை. நான் போனது தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு டாக்டரம்மாவிடம். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. மனசுக்கு வைத்தியம் என்றால் ஊரில் ஒரே அர்த்தம்தான். சங்கிலி, வேப்பிலை, மொட்டை. நானோ ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நீண்ட லீவில் இருந்தவள். விஷயம் வெளியே கசிந்தால் அந்த லீவு முடியவே முடியாது என்று எங்களுக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். முந்தின வருஷம் என் வகுப்புப் பெண்களைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருந்தோம். முழங்கால் தண்ணீரில் ஒரே கும்மாளம். திடீரென்று ஒரு பெரிய அலை வந்தது. அது திரும்பிப் போனபோது ஒரு பெண்ணைக் காணோம். கரையில் வலை காய வைத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் ஓடிவந்து பாய்ந்தார், ஜடையைப் பிடித்து அவளைத் தூக்கி மணலில் போட்டார். நான் அலறி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தண்ணீரைத் துப்பிவிட்டு அந்தப் பெண் முதலில் கேட்டது, தன் ரிப்பன் எங்கே என்று. மறுநாள் வகுப்புக்கு வந்து, கண் காது மூக்கு வைத்துக் கதையைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டாள். அவள் அம்மா எனக்கு மல்லிகைப்பூ கொடுத்தனுப்பினார். யாரும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான்தான் அந்த அலையை விட்டு வெளியே வரவில்லை.

தலை எண்ண ஆரம்பித்தேன். பீரியட் தொடங்கும்போது எண்ணுவேன், நடுவில் எண்ணுவேன், மணி அடித்த பிறகு கதவை மறித்துக்கொண்டு எண்ணுவேன். பெண்கள் சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பசியோடு நிற்பார்கள். எண்ணிக்கை சரியாக வந்துவிட்டால், சரியாகத்தான் எண்ணினேனா என்று சந்தேகம் வரும். கரும்பலகையில் போட்ட கோடு கொஞ்சம் சாய்ந்தால் அழித்துவிட்டு மறுபடி போடுவேன். சில நாள் பீரியட் முடியும்போது பலகையில் தேதியும் ஒரே ஒரு கோடும்தான் இருக்கும். பெண்கள் என்னமோ அதைக் கொண்டாடினார்கள்.

வீட்டிலும் அதே கூத்து. வாசலைப் பூட்டிவிட்டுக் கடைத்தெரு வரை போவேன், பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். என் வீட்டுக்காரர் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா. அவரைப் பொறுமைசாலி என்று சொல்ல மாட்டேன். சோம்பேறி. எனக்கு அதுவே வசதியாகப் போயிற்று. நான் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவதற்குள் அவர் ஒரு டீயும் ஒரு வெற்றிலையும் முடித்திருப்பார்.

கடைசியில் எங்கள் எச்.எம். டீச்சர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கஞ்சி போட்ட சேலையும் குடையுமாக அவர் வராந்தாவில் நடந்து வந்தாலே காக்காய்கூடக் கத்தாது. என்னைவிட இருபது வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், பள்ளிக்கூடமே குடும்பம்.

"ஒடம்பத் தேத்திக்கிட்டு வா," என்றார். "நிர்வாகத்துல கேட்டா நான் சொல்லிக்கிறேன். ஆனா மனசு சரியில்ல, அது இதுன்னு ஏதாச்சும் அவுங்க காதுல விழுந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. புரியுதா?"

புரிந்தது. எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பதைத் தவிர வேறு எதிலும் அத்தனை சந்தோஷம் கிடைத்ததில்லை. அந்த வேலை போனால் நான் என்னவாக இருப்பேன் என்று யோசித்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

டாக்டரம்மாவின் விலாசத்தை வீட்டுக்காரரின் ஆபீஸ் நண்பர் ஒருவர் காதோடு காதாகச் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்குக் கிளம்பியபோது எதிர்வீட்டு அக்கா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"என்னா, காலங்காத்தால ஜோடியா கெளம்பிட்டீங்க?"

"செதம்பரங்க்கா. சாமி பாக்க," என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குப் பொய் மட்டும் சுறுசுறுப்பாக வரும்.

"அப்ப எனக்கும் கொஞ்சம் விபூதி எடுத்தாப்பா."

அதோடு மாட்டிக்கொண்டார். நான் டாக்டரம்மா வீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் அவர் கோயிலுக்குப் போய் விபூதி வாங்க வேண்டியதாயிற்று. முதல் வாரம் முணுமுணுத்துக்கொண்டு போனார். போகப் போக அங்கே பிரசாதமாகக் கிடைத்த சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் அவரை உண்மையான பக்தராக்கிவிட்டன.

டாக்டரம்மா என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருக்கலாம். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். கணவருக்கு மாற்றல் ஆனதால் சிதம்பரம் வந்து, வீட்டு முன்னறையிலேயே ஆட்களைப் பார்த்தார். அந்த அறையைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. நாற்காலியில் மடிக்காத துணி. மேசையில் நேற்றைய காபி டம்ளர். சுவரில் தினசரிக் காலண்டர் வியாழக்கிழமையோடு நின்றுபோயிருந்தது. அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிழிக்கணும்னு கை துறுதுறுங்குதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"கிழிக்காதீங்க. அதப் பாத்துக்கிட்டே பேசுங்க."

இதற்கா இத்தனை தூரம் வந்தோம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வியர்த்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். புறப்படும் நேரத்தில் பார்த்தால் காலண்டர் இன்னும் வியாழக்கிழமையில்தான் இருந்தது, வெளியே தெரு ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது, அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

அலைக் கதையை முதல் தடவை சொன்னபோது அழுது, மூக்கைச் சிந்தி, பாதியில் நிறுத்திவிட்டேன். "அடுத்த வாரம் மறுபடி சொல்லுங்க," என்றார். சொன்னேன். அதற்கடுத்த வாரமும் சொல்லச் சொன்னார். மணல் சுட்டதா, யார் முதலில் கத்தினார்கள், அந்த மீனவர் கட்டியிருந்த கைலி என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். மருந்து கிடையாது, ஊசி கிடையாது, ஒரே பேச்சுதான். மாதக்கணக்கில் இப்படிச் சொல்லிச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலை வருகிற இடத்தில் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வந்துருச்சா? இதுக்குத்தான் இவ்வளவு நாளா காத்துக்கிட்டிருந்தேன்!"

அன்று ரயிலில் பரங்கிப்பேட்டை வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன். வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் கொத்சுப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்.

பயம் இறங்கிவிட்டது. ஆனால் எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் என்னை விட்டு இறங்கவில்லை. அதற்கு டாக்டரம்மா சொன்ன வைத்தியம்தான் எங்கள் தெருவையே கலக்கியது.

"நீங்க தப்பு செய்யப் பழகணும். வேணும்னே செய்யணும். நாளைக்கு சாம்பார்ல உப்பு போடாதீங்க. அத வேத்து மனுஷங்களுக்குப் பரிமாறுங்க. மன்னிப்பு கேக்கக் கூடாது. காரணமும் சொல்லக் கூடாது."

கடலில் குதி என்று சொல்லியிருந்தாலும் யோசித்திருப்பேன். உப்பில்லாத சாம்பாரை இன்னொருவர் இலையில் ஊற்றுவதா? என் கை நடுங்கும் என்றேன். நடுங்கினால் நடுங்கட்டும், சிந்தாமல் ஊற்றினால் போதும் என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. பாவம், அன்று பார்த்து வீட்டுக்காரரின் அக்கா புருஷன் அண்ணாகிராமத்திலிருந்து ஒரு பெரிய பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு வந்துவிட்டார். எனக்கு அண்ணன் முறை. மத்தியானம் இலை போட்டுச் சாம்பாரை ஊற்றினேன். முதல் வாய் வைத்ததும் அவர் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தங்கச்சி கைப்பக்குவமே தனி. இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."

அவர் சாப்பிட்டு எழுந்தபோது ஊறுகாய் ஜாடி காலியாக இருந்தது. ஆபீசிலிருந்து சாப்பிட வந்திருந்த வீட்டுக்காரரோ, "மாமா, இன்னும் கொஞ்சம்?" என்று விஷமத்தோடு உபசரித்துக்கொண்டிருந்தார். தங்கச்சி வீட்டில் சாப்பாட்டைக் குறை சொல்லும் அண்ணன் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை.

இதைக் கேட்டு டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அவுரு மரியாதைக்காரரு. உங்களுக்குப் பிரயோஜனம் இல்ல. மரியாதை பாக்காத ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

"எதிர்வீட்டு அக்கா இருக்காங்க," என்றேன்.

தெருவில் யார் வீட்டுக் குழம்பையும் குறை சொல்லாமல் அக்கா தொண்டையில் இறக்கியதில்லை. எங்கள் தெருவில் சமைத்ததை ஒரு கிண்ணத்தில் ஊற்றி எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து வாங்குவது வழக்கம். அடுத்த திங்கட்கிழமை ஒரு கிண்ணம் உப்பில்லாத சாம்பாரை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்து, ஜன்னலோரம் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அக்கா கிண்ணத்தோடு தெருவைக் கடந்து வந்தார்.

"இன்னாடி இது, உப்பே போடலியே?"

"ஆமாங்க்கா. போடல."

அவ்வளவுதான் சொன்னேன். மன்னிப்பு கேட்கவில்லை, காரணம் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று மனசுக்குள் ஒரு குதி குதித்தேன். ஆனால் அக்கா போகவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"திங்கக்கெழம வேற... செதம்பரம் போயிட்டு வந்திருக்க... விரதமா?"

நான் வாயைத் திறப்பதற்குள், உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "ஆமாங்க்கா, நடராஜருக்கு," என்று குரல் கொடுத்தார்.

அக்கா கிண்ணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். மிச்சத்தையும் சாப்பிட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் அது எங்கள் கையில் இல்லை. அடுத்த திங்கட்கிழமை அக்கா வீட்டில் உப்பில்லாத சாம்பார். அதற்கடுத்த திங்கட்கிழமை தெருவில் பாதி வீடுகளில். விதிமுறைகள் தானாக முளைத்தன. ஒரு கிண்ணம் எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது காரணம் சொல்லக் கூடாது. நான் வாயை மூடிக்கொண்டு கொடுத்ததால் வந்த விதி அது. கடைசி வீட்டில் யாருக்கோ பெண் பார்த்து முடிவானதும் விரதத்தின் மதிப்பு ஒரேயடியாக ஏறிவிட்டது. தெரு ஆண்கள் திங்கட்கிழமைகளில் என் வீட்டுக்காரரை முறைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மா ஒரு நாள் என் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"திங்கக்கெழம உங்க தெருவுல ஒரு சங்கரா மீனுகூடப் போவ மாட்டேங்குது. நீதான் எல்லாத்துக்கும் காரணமாமே? நல்லா இருப்பியா நீ?"

இதையெல்லாம் கேட்டு டாக்டரம்மா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே கிளம்பினால் பூட்டை ஒரு தடவைதான் பூட்டினேன் அந்த நாட்களில். லீவு முடியக் கொஞ்ச நாள்தான் இருந்தது. திரும்பப் போய்ப் பலகையில் கோணல்மாணலாக ஒரு கோடு போட வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

அப்போதுதான் எச்.எம். டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

சாயங்காலம். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். டம்ளரைத் தட்டின் நடுவே நகர்த்தினார். தள்ளி உட்கார்ந்து பார்த்தார். மறுபடி கொஞ்சம் நகர்த்தினார். விஷயம் தெரிந்துவிட்டது, வேலை போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன்.

"அந்த உப்பில்லா விரதம்," என்றார். "அத எப்படி எடுக்கணும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"விரதமா டீச்சர்?" என்றேன்.

"இன்ஸ்பெக்ஷன்னு சொல்லிட்டாப் போதும், ஒரு மாசம் எனக்குத் தூக்கம் இல்ல. படுத்தா, எங்கேயோ என்னமோ தப்பா இருக்குன்னே தோணுது. ஸ்கூலுக்குத் திரும்பிப் போயிப் பாக்கணும் போல இருக்கு. உன்னப் பத்தி ஊரே சொல்லுது. உனக்குத் தேறிடுச்சாமே. எத்தனை திங்கக்கெழம இருக்கணும்?"

கதவுக்குப் பின்னால் நின்ற வீட்டுக்காரர், ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லித் தொலை என்று எனக்கு ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். சொல்லியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். என் வேலைக்கும் ஆபத்தில்லை. ஆனால் நான் அந்தக் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் அந்த விரதத்தை ஒரு குறையும் இல்லாமல் இருப்பார். அப்படியும் தூக்கம் வராவிட்டால், விரதத்தில் எங்கே பிசகினோம் என்று யோசித்து, அதற்காக இன்னும் ஒரு மாசம் விழித்திருப்பார். எனக்குத் தெரியாதா? நானும் அதே ரகம்தானே.

"டீச்சர், அது விரதம் இல்ல," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா, காலண்டர், கொட்டாவி, சாம்பார். எங்கும் நிறுத்தவில்லை. கதவுக்குப் பின்னால் வீட்டுக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டீச்சர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. நான் முடித்ததும் எழுந்தார்.

"மனசு டாக்டரா," என்றார். காபியைக் குடிக்காமல், குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னது தப்பு என்று தோன்றவில்லை, ஆனால் பயம் பயம்தானே. வீட்டுக்காரர் ஒரு நாள் கோபமாக இருந்தார், மறுநாள் பாவமாக இருந்தார், மூன்றாம் நாள், "போனாப் போவுது விடு. மாமா ஊர்ல முந்திரிக்கொட்டை ஒடைக்கப் போலாம். அதுல கோடு கோணலா ஒடஞ்சாலும் யாரும் கேக்க மாட்டாங்க," என்றார். நான் அவரைச் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறேன். நல்ல மனுஷர் என்றும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் போனோம். பிளாட்பாரத்தில் கஞ்சி போட்ட சேலையில் எச்.எம். டீச்சர் நின்றுகொண்டிருந்தார். கையில் சிதம்பரம் டிக்கெட்.

"கோயிலுக்குப் போறேன்னு பக்கத்து வீட்டுல சொல்லியிருக்கேன்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். ஆலப்பாக்கம் தாண்டும்வரை வெளியே வயலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு திடீரென்று, "நாளைக்கு ஸ்கூலுக்கு வந்துடு," என்றார்.

"டீச்சர், நிர்வாகத்துல..."

"மனசு சரியில்லாதவங்கள வெச்சுக்கக் கூடாதுன்னா, மொதல்ல நான்தானே வீட்டுக்குப் போவணும்?"

என் வீட்டுக்காரர் சட்டென்று எழுந்து, அடுத்த பெட்டியில் யாரோ தெரிந்தவர் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். யாரும் இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். அத்தனை நாளும் என் வேலை டீச்சர் கையில் இருந்தது. இப்போது அவர் வேலையும் என் கையில் இருந்தது. அது தெரிந்தேதான் அவர் அந்த ரயிலில் ஏறியிருந்தார்.

டாக்டரம்மா வீட்டுப் பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். உள்ளே யாரோ பேசி முடித்துவிட்டுப் போனார்கள். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "மொதல்ல யாரு?" என்றார். டீச்சர் எழுந்தார். உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பரீட்சை அன்று என் வகுப்புப் பெண்களின் கை இருப்பதுபோல அவர் கை ஈரமாக இருந்தது.

"நான் சரியா சொல்லுவேனாடி?" என்று கேட்டார்.

"தப்பாவே சொல்லுங்க டீச்சர். அவுங்களுக்கு அதான் புடிக்கும்."

அவர் சிரித்துவிட்டார். கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது, நாளைக்குப் பள்ளிக்கூடம். அந்தப் பையைக் கட்டிக்கொண்டு நன்றாக அழுதேன்.